‘நிற்க’ என்ற சொல்லுக்குக் கீழே: உடப்புசல்லாவைக்கும் நீலகிரிக்கும் இடையே போர்க்காலக் கடிதங்கள்

பழைய தமிழ்க் கடிதங்களில் ஒரு சொல் தனியாக வந்து நிற்கும். “இங்கு யாவரும் நலம். அங்கு தங்கள் நலமும் குடும்பத்தார் நலமும் அறிய ஆவல்” என்று எழுதி முடித்ததும், “நிற்க.” அதற்கு மேலே சுகநலம், கீழே காரியம். கடிதம் எழுதப் பழக்கிய வாத்தியார்கள் இதை ஒரு மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வந்த வேலையை வாசற்படியிலேயே அவிழ்க்காதே. முதலில் உட்கார், நலம் விசாரி, பிறகு பேசு.

போர்க்காலங்களில் அரசுகள் கடிதத்துக்குப் போட்ட வேலி பெரும்பாலும் இந்தச் சொல்லின் மேல்தான் ஓடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தபோதே, சமாதானக் கொடியின் கீழ் மன்ரோ கோட்டை வழியாகக் கடிதங்கள் கைமாறின. ஒரே பக்கம், ஒட்டாத உறை, குடும்பச் செய்தி மட்டும் என்பது விதி. இரண்டாம் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவத்தில் இருபத்தைந்து சொற்களுக்குள் நலம் சொல்லி அனுப்பலாம். பிரிட்டனிலிருந்து ஜெர்மனியின் பிடியிலிருந்த நாடுகளுக்கு எழுத விரும்பியவர்கள் தாமஸ் குக் நிறுவனத்தின் ஏற்பாட்டில், நடுநிலை நாடான போர்த்துக்கலின் லிஸ்பன் நகரத்து 506ஆம் தபால் பெட்டிக்கு எழுதினார்கள். நலம் விசாரிப்பதைப் பொறுத்துக்கொண்ட அதே அரசுகள், எதிரி நாட்டோடு வியாபாரம் செய்வதைச் சட்டம் போட்டுத் தடுத்தன. ‘நிற்க’வுக்கு மேலே அனுமதி, கீழே குற்றம்.

இலங்கை மலையகத் தமிழரின் கடிதங்களை இந்த அளவுகோலால் அளக்க முடியாது. 1964இன் இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் ஒரே குடும்பத்தில் பாதி உடப்புசல்லாவையிலும் பாதி நீலகிரியின் கோத்தகிரியிலும் வாழ்ந்தது. நடுவில் கடல் இருந்தது, குடியுரிமைச் சட்டம் இருந்தது, பிறகு இலங்கையின் உள்நாட்டுப் போரும் வந்தது. அந்தக் காலம் முழுவதும் போய்வந்த கடிதங்களில் மேலே இருந்த சுகநலம் பெரும்பாலும் சம்பிரதாயம். உறவு உயிரோடு இருந்தது கீழ்ப்பகுதியில், ஒரு சேமலாப நிதி எண்ணைக் கேட்ட வரியில், ஒரு பிறப்புப் பதிவைத் தேடச் சொன்ன வரியில். காரியக் கடிதத்தையே அன்புக் கடிதமாக எழுத வேண்டியிருந்த ஒரு சமூகத்தின் கதை இது.

தகர வில்லையும் துண்டும்

மலையகத்துக்கும் காகிதத்துக்கும் உள்ள உறவு அன்பில் தொடங்கவில்லை. கங்காணி முறையில் ஆள் சேர்த்த காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. தன் தோட்டத்தில் கங்காணிக்கும் அவருடைய ஆட்களுக்கும் உள்ள கடனை இன்னொரு தோட்டம் கட்டிவிட்டால் அவர்களை விட்டுவிடுகிறேன் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி அது. ஒரு வியாபாரக் கடிதம்தான். ஆனால் அதில் விலை போட்டிருந்தது மனிதர்களுக்கு. 1921இல் சட்டம் வந்து துண்டை ஒழித்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘தகர டிக்கட்’ வந்தது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண் என்று பொறித்த உலோக வில்லை. தமிழ்நாட்டில் ஏறும் இடத்தில் அதைக் கட்டிவிட்டால் போதும். வழிச்செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும், ஆளும் குறித்த தோட்டத்துக்குப் போய்ச் சேருவார். விலாசம் ஒட்டி, கூலியைப் பெறுபவர் தலையில் கட்டி அனுப்பும் பார்சலுக்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு. எழுத்து தெரியாத ஒருவருக்கு முதலில் கிடைத்த எழுத்து அவர் கழுத்தில் தொங்கிய தோட்ட எண்தான்.

உடப்புசல்லாவைப் பக்கம் இந்தப் பயணத்தின் கடைசிப் படி. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, புரூக்சைட், இராகலை என்று ஏறி இறங்கும் பாதை அது. நானுஓயாவிலிருந்து ஒரு குறுகிய ரயில்பாதை 1903இல் நுவரெலியா வரைக்கும், அடுத்த ஆண்டு இராகலை வரைக்கும் போடப்பட்டது. தேயிலைப் பெட்டி இறங்க, அரிசி மூட்டை ஏற என்று ஓடிய அந்தக் கோச்சியின் பெயரே உடப்புசல்லாவை ரயில்வே. ஊருக்குள் வராமலே ஊரின் பெயரைச் சுமந்தது. 1940களோடு அதன் காலம் முடிந்தது.

இரண்டாம் உலகப் போரையொட்டிய காலம் இந்த மலைக்கு ஒரு பாடத்தை முன்கூட்டியே காட்டியது. இலங்கை அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளரை நிறுத்தத் தொடங்கியதும், 1939 ஆகஸ்ட் 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை இந்தியா தடை செய்தது. அதற்குச் சில நாட்கள் முன், ஜூலையில், நேரு கொழும்பு வந்திருந்தபோதுதான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஆள் போக்குவரத்து இப்படிச் சிக்கலானபோது தேயிலைக்கு ஒரு சிக்கலும் இல்லை. கொழும்பு ஏலம் நின்றாலும் பிரிட்டனின் உணவு அமைச்சு மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டது. 1940 ஜூலையில் அங்கே தேயிலைக்குப் பங்கீடு வந்து ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் என்று ஆனபோதும், அந்த இரண்டு அவுன்ஸைக் கொண்டுசேர்க்கக் கப்பல் இருந்தது. கொழுந்து கடல் கடக்கலாம், பறித்த கை கடக்க அனுமதி கேட்க வேண்டும். நாற்பது ஆண்டு கழித்து இதே நிலை திரும்ப வந்தது.

அக்டோபர் 30

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையில் பங்கு போட்டது. மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தோட்டங்களில் இதை ‘ஏழுக்கு நாலு’ கணக்கு என்பார்கள்: ஏழு பேரை இந்தியா எடுத்தால் நாலு பேருக்கு இலங்கை குடியுரிமை தரும்.

ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள், அதே ஆண்டு டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914 முதல் சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயில் போய் நின்ற இறங்குதுறை அது. அனுப்பப் போகிறவர்களின் கணக்கு போட்டாகிவிட்டது; இறங்க வேண்டிய கரைதான் இல்லை. பிறகு தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. நானுஓயாவில் கோச்சி ஏறி, பொல்காவலையில் மாறி, மதவாச்சி வழியாகத் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல், அப்புறம் மண்டபம் முகாம். குழந்தைகளையும் சேர்த்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போனார்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு பெயர் வைத்தது. போன இடத்தில் ‘சிலோன்காரங்க’ என்றார்கள்.

தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976 முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, ‘டேன்டீ’யாக நடந்தது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், வால்பாறை என்று அதன் பிரிவுகள் விரிந்தன. கேரளத்திலும் கருநாடகத்திலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களுக்குச் சிலர் போனார்கள். இன்னும் பலருக்குக் கிடைத்தது சிறு வியாபாரக் கடன். கொழுந்து பறிக்கத் தெரிந்தவர் கடை வைத்து எவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பார்? கடன் கரைந்ததும் அவர்களும் மலையேறினார்கள்.

ஒப்பந்தத்தில் பணத்தைப் பற்றியும் ஒரு பிரிவு இருந்தது. போகிறவர் தன் சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது. ஓர் ஆயுள் முழுக்க உழைத்ததை அளக்க ஒரு வரம்பு கிடைத்தது. ஆனால் அந்தப் பணத்தைக் கையில் வாங்க என்னென்ன காகிதம் வேண்டும் என்பது போன பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. கடிதம் அங்கேதான் தொடங்குகிறது.

தப்பால் பை

தோட்டத்தில் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக் காம்பிராவுக்கு விலாசம் கிடையாது. பெயர், பிரிவு, தோட்டம், ஊர், அவ்வளவுதான். தபாற்கந்தோரிலிருந்து தோட்டத்துக்கு ஒரே பைதான் போகும். தப்பால்காரர் அதைத் தோட்ட ஆபீஸில் கொண்டுவந்து வைப்பார். கொழும்புத் தரகர்களிடமிருந்து துரைக்கு வந்த ஏல விலைக் கடிதமும், மண்டபம் முகாமிலிருந்து மருமகன் எழுதியதும் ஒரே பையில் வந்தன. துரையின் கடிதம் மேசைக்குப் போகும். மற்றது கிளாக்கர் கையிலிருந்து கணக்கப்பிள்ளை கைக்கு, அங்கிருந்து பிரட்டுக் களத்துக்கு. காலையில் பெயர் கூப்பிடும்போது கடிதத்துக்கும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். சில நாள் கூப்பிட மறந்துவிடுவார்கள்.

கருப்பையா, இராமையா, மாரியாயி என்று ஒரு பிரிவில் நாலைந்து பேர் இருப்பார்கள். ஆகவே விலாசத்தில் தகப்பன் பெயரும், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டின் எண்ணும், சில வேளை ‘மேல் லயம், மூணாவது காம்பிரா’ என்றும் எழுத வேண்டும். அனுப்புகிறவர் கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு இருபது வருடத்துக்கு முந்தைய லயத்தின் வரிசையை நினைவிலிருந்து எண்ணுவார். இதற்குள் தோட்டமே கைமாறியிருக்கும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. நிர்வாகம் மாறியது, கிளாக்கர் மாறினார், செக்ரோல் புத்தகம் மாறியது. விலாசத்தில் மாறாமல் இருந்தது உடப்புசல்லாவை என்ற ஒரு சொல்தான்.

கடிதம் வந்த பின்னும் அது ஒருவருக்கு உரியதாக இருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க வேண்டும்: தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டர், அல்லது அஞ்சாம் வகுப்புப் பிள்ளை. இஸ்தோப்பில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார்கள்; பக்கத்துக் காம்பிரா கேட்கும். பதிலையும் அதே பிள்ளைதான் எழுதும். போர்க்காலத் தணிக்கை அதிகாரி வருவதற்கு முன்பே இந்தக் கடிதங்களில் இரகசியம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. எல்லாரும் கேட்கும் கடிதத்தில் அந்தரங்கத்தை எப்படி எழுதுவது? சேமலாப எண்ணை எழுதலாம். அதை யாரும் கேட்கலாம்.

உள்ளே எதுவும் வைக்கக் கூடாது

கடல் கடந்த கடிதத்துக்கு உகந்த வாகனம் ஏரோகிராம், நீலத்தாள். இதுவும் போரில் வளர்ந்த பிள்ளைதான். 1941இல் மத்தியகிழக்கில் இருந்த பிரிட்டிஷ் படையினருக்காக எடை குறைந்த வான் கடிதம் கொண்டுவரப்பட்டது. அது பின்னர் உலகத்துக்கே பொதுவானது. ஒரே தாள், மூன்று மடிப்பு, ஓரத்தில் பசை. மடித்தால் அதுவே உறை. வெளியே ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கும்: உள்ளே எதுவும் வைக்கக் கூடாது. போட்டோ வைக்க முடியாது, காசு வைக்க முடியாது, பேரப்பிள்ளையின் முதல் முடி வைக்க முடியாது. எல்லாவற்றையும் சொல்லாக்கித்தான் அனுப்ப வேண்டும். இடம் போதாதபோது பசை ஓரத்திலும் எழுதுவார்கள். கிழித்துத் திறக்கும்போது கடைசி வரி கையோடு போய்விடும்.

அந்தக் கடிதங்கள் எப்படி ஓடின என்பதைக் காட்ட ஒன்றை எழுதிப் பார்க்கலாம். இது யாருடைய கடிதமும் இல்லை. எல்லாருடைய கடிதத்தின் சாயலும் இதில் உண்டு:

“அன்புள்ள மச்சான் அவர்களுக்கு எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கு யாவரும் நலம். அங்கு அக்கா, பிள்ளைகள், பெரியப்பா யாவரின் நலமறிய ஆவல். நிற்க. நம்ம அம்மாவுடைய ஈ.பி.எஃப். காசு இன்னும் வரவில்லை. செக்ரோலில் மாரியாயி என்றும் பாஸ்போட்டில் மாரியம்மாள் என்றும் இருக்கிறதாம். ரெண்டும் ஒரே ஆள்தான் என்று பெரிய கிளாக்கரிடம் ஒரு கடிதம் வாங்கி, சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசியும் முடித்து அனுப்பவும். நம்பர் ஞாபகம் இல்லை. பழைய ஈ.பி.எஃப். பி கார்டு அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும். தம்பி பிறந்த பதிவு வலப்பனையில் எடுக்கலாம். விட்டுவிட்டு வந்த சிவலைப் பசு கன்று போட்டதா? மற்றவை தங்கள் பதில் கண்டு.”

மேலே மூன்று வரி, கீழே பத்து வரி. அந்தப் பத்து வரிக்காக மச்சான் என்ன செய்ய வேண்டும்? ஒரு நாள் பேர் போகும். அந்த நாள் சம்பளம் இல்லை. பஸ் ஏறி வலப்பனை போக வேண்டும். கிளாக்கர் லீவில் இருந்தால் இன்னொரு நாள். பெயர் எழுத்து மாறிப் போனது சின்ன விஷயமில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் எழுதியவர் ஒருவர், பிறப்பைப் பதிந்தவர் ஒருவர், பாஸ்போட்டுக்கு எழுதியவர் இன்னொருவர். ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர். 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் (ஈ.பி.எஃப்.) சட்டத்தின் கீழ் சம்பளத்தில் பிடித்த காசு அவளுடையதுதான் என்று நிறுவ, மூன்று பெயரும் ஒரே உடம்பு என்று நிறுவ வேண்டும். கண்ணால் கண்ட சாட்சிகள் எல்லாம் உடப்புசல்லாவையில், உடம்பு கோத்தகிரியில்.

இப்படிப்பட்ட வேலையைச் சொந்தக்காரர் மட்டும் செய்யவில்லை. பக்கத்துக் காம்பிராக்காரர், ஒன்றாக மருந்து அடித்த கூட்டாளி, ஒரே மலையில் நிரை பிடித்த தோழி, இவர்களும் செய்தார்கள். நட்பு இங்கே என்னவென்று அளந்து சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: அடுத்தவர் காகிதத்துக்காக ஒரு நாள் பேரை இழப்பது.

‘நலம்’ என்ற சொல்லுக்கு ஒரு கடமையும் இருந்தது. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் நலம் என்றே எழுதினார்கள். 1973–74 பஞ்சத்தில் தோட்டத்தில் பட்டினி கிடந்தவர்களும் நலம் என்றே எழுதினார்கள். உண்மை நிலை தெரிய வேண்டுமானால் கீழே பார்க்க வேண்டும். ‘பசுவை விற்றுவிடவும்’ என்று ஒருவர் எழுதினால், திரும்பி வரும் எண்ணத்தை அவர் விட்டுவிட்டார் என்று பொருள். ‘விற்க வேண்டாம், இருக்கட்டும்’ என்றால் அங்கே நிலைமை சரியில்லை என்று பொருள்.

கப்பல் நின்றது

1977, 1981, 1983 என்று மூன்று முறை வன்முறை மலையேறியது. 1983 ஜூலையில் நுவரெலியா நகரம் எரிந்தது. அடுத்த ஆண்டு தலைமன்னார்க் கப்பல் நின்றது. ஒப்பந்தத்தின் காலம் 1981லேயே முடிந்திருந்தது. இனி அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று இந்தியாவும் சொல்லிவிட்டது. கையில் இந்தியப் பாஸ்போட்டோடு, மூட்டை கட்டிய நிலையில், 80,000க்கும் மேற்பட்டவர்கள் இலங்கையிலேயே தங்கிப்போனார்கள். இலங்கைச் சட்டப்படி அவர்கள் வெளிநாட்டவர். அந்த வெளிநாட்டுக்குப் போகக் கப்பல் இல்லை. விசாவும் காலாவதியாகும். கொழுந்து மட்டும் வழக்கம்போல கொழும்புக்கு இறங்கியது.

இந்த இடத்தில் கடிதங்களின் காரியம் தலைகீழாக மாறுகிறது. அதுவரை இந்தியாவில் இருந்தவர் இலங்கையில் இருந்தவரிடம் காகிதம் கேட்டார். இப்போது அங்கேயே நின்றுபோனவர் நீலகிரிக்காரரிடம் கேட்டார்: எங்கள் பெயர் உங்கள் குடும்ப அட்டையில் இருக்கிறதா? டேன்டீயில் வேலைக்கு இடம் வைத்திருப்பார்களா? பெண்ணுக்குப் பேசிய மாப்பிள்ளை எத்தனை வருடம் காத்திருப்பார்? ஒப்பந்தம் பிரித்தது எண்ணிக்கையை. அது பிரித்த இடத்தில் கல்யாணங்களும் இருந்தன.

இரு கரையையும் அறிந்தவர்கள் சிலர் தனிக் கடிதத்தைப் பொதுக் கடிதமாக்கினார்கள். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் அதிபராக இருந்து, பின்னர் நீலகிரிக்குப் போன இர. சிவலிங்கம் அவர்களில் ஒருவர். மலையகம் என்ற உணர்வை ஊட்டிய ஆசிரியர், தாயகம் திரும்பியோரின் உரிமைக்காக அங்கேயும் நின்றார். கண்டியில் பால் கஸ்பர்ஸ் பாதிரியார் 1972இல் தொடங்கிய சத்தியோதயம் நிலையத்தில் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து தோட்ட மக்களின் நிலையைப் பதிந்தார்கள். ஒரு குடும்பம் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள், இவர்களின் வேலையில் ஒரு சமூகத்தின் கோரிக்கையாயின.

ஓமந்தைக்கு அப்பால்

கடல் ஒரு கோடு மட்டுமே. 1977க்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தன. மருத்துவர் இராஜசுந்தரமும் டேவிட் ஐயாவும் நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களைக் குடியமர்த்தியது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். குடியமர்ந்தவர்கள் போரின் நடுக்களத்தில் இருந்தார்கள். ஆக ஓர் உடப்புசல்லாவைக் குடும்பத்துக்குக் கோத்தகிரியில் ஒரு மகன், கிளிநொச்சியில் ஒரு மகள் என்று மூன்று முனை உண்டாயிற்று.

இந்த மூன்றில் மிகத் தொலைவு எது? வரைபடம் பார்த்தால் கோத்தகிரி. தபாலைப் பார்த்தால் கிளிநொச்சி. வெளிநாட்டுக் கடிதம் விமானத்தில் பறந்து வந்துகொண்டுதான் இருந்தது. தன் நாட்டுக்குள் போன கடிதம் ஓமந்தை போன்ற சோதனைச் சாவடிகளில் காத்துக் கிடந்தது. கிளிநொச்சி இருந்த வன்னியிலும் அரசாங்கத் தபாற்கந்தோர்கள் திறந்திருந்தன, அரசுச் சம்பளத்திலேயே ஆட்கள் வேலை செய்தார்கள். ஆனால் வடக்குக்குப் போகும் ஏ9 பாதை மூடும்போதெல்லாம் பையும் நின்றது. 1990இல் முறிந்த தொடர்பு, 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பின் பாதை திறந்தபோது துளிர்த்தது. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடியது.

இங்கேதான் அந்த ‘நிற்க’ விதி மலையகத்தையும் வந்து தொட்டது. 1989இலிருந்து இலங்கையில் பணியாற்றிய சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு, பிரிந்தவர்களுக்கிடையே தன் செய்திப் படிவங்களைக் கொண்டுசேர்த்தது. திறந்த தாள், குடும்பச் செய்தி மட்டும். உயிரோடு இருக்கிறோம், முகாமில் இருக்கிறோம். அதற்கு மேல் எழுத இடமில்லை, அனுமதியும் இல்லை. பிறப்புப் பதிவைத் தேடு, அடையாள அட்டைக்கு எழுது என்று கேட்டுப் பழகிய கை அந்தப் படிவத்தில் நலத்தை மட்டும் எழுதியது. உயிர் இருக்கிறதா என்பதே கேள்வியாக இருக்கும்போது ‘நலம்’ மறுபடி பொருளுள்ள சொல்லானது.

அச்சமும் இருந்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், கொழும்பில் கடைகளில் வேலை செய்த தோட்டத்து இளைஞர்களும் சுற்றிவளைப்புகளில் பிடிபட்டார்கள். வவுனியா முத்திரை குத்திய ஓர் உறை சட்டைப்பையில் இருப்பதே விளக்கம் கேட்கப் போதுமான காரணம். இந்தச் சூழலில் கடிதம் வைத்திருப்பதைவிட வாசித்து அடுப்பில் போடுவது பத்திரம்.

அரசாங்கக் கடிதம் யார் வாசிப்பது?

இதே பையில் இன்னொரு வகைக் கடிதமும் வரும்: கபில நிற உறையில், அரசாங்கத் திணைக்களத்திலிருந்து, பெரும்பாலும் சிங்களத்தில். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பிறகு தோட்டத் தமிழருக்கு இது வாடிக்கை. 1987இல் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட பின்னும் உறையின் மொழி அவ்வளவு சுலபமாக மாறவில்லை. சேமலாப நிதி நிராகரிக்கப்பட்டதா, கூடுதல் ஆவணம் கேட்டிருக்கிறார்களா என்று அறிய ஒருவர் வேண்டும்.

உடப்புசல்லாவைத் தோட்டங்களைச் சுற்றி வலப்பனைச் சிங்களக் கிராமங்கள். கடைத்தெருவில் முதலாளியின் கடை, அங்கே கடன் கொப்பி. தோட்டத்தில் மரக்கறி வாங்கி விற்பவர், தொழிற்சாலையில் பக்கத்தில் நிற்பவர், கிராம சேவகர் என்று சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்தான். ‘மாத்தயா, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க’ என்று உறையை நீட்டும் காட்சி மலையகத்தில் எல்லாரும் கண்டது. நாடு இரண்டாகப் பிளந்துகொண்டிருந்த ஆண்டுகளிலும் ஒரு தமிழ்த் தாயின் சேமலாபக் கணக்கைச் சிங்கள அயலவர் ஒருவர் வாசித்துச் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டுப் பேரன் நீலத்தாளில் தமிழில் எழுதினான். அது கோத்தகிரியில் வாசிக்கப்பட்டது. இதை இன நல்லிணக்கம் என்று பெரிதாகப் பேச வேண்டியதில்லை. 1983இல் கடைகளைக் கொளுத்தியவர்களும் வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். ஆனால் கடன் கொப்பியும் காரியக் கடிதமும் மறுநாள் காலையில் மனிதர்களை மறுபடி ஒரே கடை வாசலில் நிறுத்தின. வெறும் அன்பாக மட்டும் இருந்த உறவைவிட, காரியமும் கலந்த உறவு கலவரத்துக்குப் பின் சீக்கிரம் எழுந்து நடந்தது.

டிரங்குப் பெட்டியில் ஒரு தேதி

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை தந்தது. நிபந்தனை ஒன்று: 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவராகவோ, அப்படி வசித்தவரின் வழிவந்தவராகவோ இருக்க வேண்டும். பங்கு போட்ட நாளே சேர்த்துக்கொள்ளும் நாளும் ஆயிற்று. இந்தியப் பாஸ்போட்டோடு நின்றுபோனவர்களும் பிரகடனம் ஒன்றில் கையெழுத்திட்டு இலங்கையராகலாம் என்றது சட்டம். 2009இல் ஒரு திருத்தம், போரில் அகதியாகத் தமிழ்நாட்டுக்குப் போனவர்களுக்கும் இந்த வழியைத் திறந்தது.

ஆனால் எல்லாருக்கும் சிக்கல் தீரவில்லை. திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமைச் சேர்ந்த மலையகப் பூர்வீகம் கொண்ட 65 பேர் இந்தியக் குடியுரிமை கேட்டு வழக்குப் போட, 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவர்கள் கோரிக்கையைப் பரிசீலித்து முடிவெடுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள், ஒப்பந்தப்படி திரும்பியிருக்க வேண்டியவர்கள். வந்தது கலவரத்துக்குத் தப்பி, ஆகவே அகதிகள். நீலகிரியில் 2022இல் டேன்டீயின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவு செய்தபோது, ஓய்வு பெற்ற சிலோன்காரர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டிய நிலை வந்தது. இந்த இரண்டு இடத்திலும் கேட்கப்பட்டது ஒன்றுதான்: யார் நீ, எப்போது வந்தாய், காகிதம் இருக்கிறதா?

ஆவணக் காப்பகங்கள் கடிதங்களை இரண்டு அலமாரியில் வைக்கும்: குடும்பக் கடிதங்கள் ஒன்றில், அலுவல் தாள்கள் மற்றதில். மலையகத்துக் கடிதங்களை அப்படிப் பிரித்தால் இரண்டு அலமாரியும் ஊமையாகிவிடும். குடும்பக் கடிதம் என்று வைத்தால் மேலே உள்ள மூன்று வரி சம்பிரதாயம்தான் கண்ணில் படும். அலுவல் தாள் என்று வைத்தால், அந்த எண்ணைத் தேடி மச்சான் இழந்த ஒரு நாள் பேர் கணக்கில் வராது. வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகிறவர்கள் “அந்தக் காலத்தில் கடிதம் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். லயத்துக் கூரைத் தகரம் ஒழுகும், அடுப்புப் புகை தாளை அரிக்கும், பயத்தில் எரித்ததும் உண்டு. “பழைய பி கார்டு இருக்கிறதா, சத்தியக்கடதாசி இருக்கிறதா?” என்று கேட்டால் டிரங்குப் பெட்டி திறக்கும். அவற்றை ஏன் பத்திரப்படுத்தினார்கள் என்று விசாரித்தால், யார் எழுதிக் கேட்டார்கள், யார் பஸ் ஏறி வலப்பனைக்குப் போனார்கள் என்ற கதை வெளியே வரும்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. தலைமன்னாருக்கு இன்னும் இல்லை. கடிதங்களும் இப்போது இல்லை. கோத்தகிரிக்கும் உடப்புசல்லாவைக்கும் இடையே வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். முதலில் நலம் விசாரிக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, பாட்டியுடைய பிறப்புப் பதிவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள்.